டயரின் உள்பக்கம்

“எனக்குக் காவி குடுங்கம்மா” என்றார் செங்கோடன்.

தவமணியம்மா கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வந்தவருக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதலாக இருக்கும். முழுக்கை மடித்த சட்டை, காய்ப்புப் பிடித்த கைகள், தோளில் ஒரு ரெக்சின் பை.

“வீட்ல சொல்லிட்டு வந்தீங்களாண்ணா?”

“சொல்றதுக்கு அங்க யாருமில்லீங்க.”

“ஒருத்தருமே இல்லீங்களா?”

செங்கோடன் தோள் பையை இறக்கி வைத்தார்.

“பொண்டாட்டி இருக்கறா” என்றார்.

சேந்தமங்கலத்தைத் தாண்டிக் கொல்லிமலைக்குப் போகும் சாலையில் அந்த மடம் இருக்கிறது. மடம் என்று பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வீடு, ஒரு கிணறு, வாசலில் பழைய ஜீப், அவ்வளவுதான். அதை நடத்தும் தவமணியம்மாவிடம் பதில் வாங்கிக்கொண்டு போனவர்கள் குறைவு. கேள்வியோடு வந்து ஏதாவது வேலை செய்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். செங்கோடனுக்கு அது தெரியாது.

உட்கார்ந்தார். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார்.

சங்ககிரிப் பக்கம் ஊர். இளவட்டமாக இருக்கும்போது கிளீனராக லாரி ஏறியவர். பிறகு டிரைவர். பிறகு சொந்தமாக ஒரு லாரி. முப்பது வருடம் வடநாட்டு லைன். குஜராத், ஒரிசா, அசாம் என்று போனால் திரும்பி வர ஒரு மாதம் ஆகும். வந்தால் மூன்று நாள் வீடு, நாலாம் நாள் அடுத்த லோடு. மகள் பிறந்ததை ராய்ப்பூரில் கேட்டார். அவள் பெரியவளானதை நாக்பூரில் கேட்டார். அவள் கல்யாணத்துக்கு மட்டும் ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

இந்தத் தை மாதம் லாரியை விற்றுவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார்.

முதல் வாரம் பாவாயி தினமும் கோழி அடித்தாள். இரண்டாவது வாரம் சாம்பார் வைத்தாள். மூன்றாவது வாரம் செங்கோடன் வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார். அங்கேதான் சனி பிடித்தது.

கேஸ் அடுப்பு இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை. நகர்த்தி வைத்தார். எருமை கட்டியிருந்த இடம் சரியில்லை. மாற்றிக் கட்டினார். துணிக்கொடியை வெயில் பக்கமாகத் திருப்பிக் கட்டினார். அவர் நகர்த்தியதையெல்லாம் பாவாயி மறுபடி பழைய இடத்தில் வைத்தாள். அவர் மறுபடி நகர்த்தினார். லாரியை அப்படி வைத்திருந்த மனிதர். ஸ்பேனர் கூட இடம் மாறி இருக்காது. வீட்டையும் அப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசையில்தான் செய்தார், அதில் சந்தேகமில்லை.

கடைசியில் அரிசி டிரம்மை அடுப்படி மூலையிலிருந்து மாடிப்படிக்குக் கீழே மாற்றினார்.

அன்றைக்குத்தான் பாவாயி அதைச் சொன்னாள்.

“நீங்க லைன்ல இருந்தப்பவே நல்லா இருந்துச்சு.”

செங்கோடன் உள்ளே போனார். பையை எடுத்தார். லைனுக்குக் கொண்டுபோகும் அதே பை. செல்போனை அணைத்து அதற்குள் போட்டார். பஸ் ஏறிவிட்டார்.

“முப்பது வருசம் யாருக்காகம்மா ஓட்டுனேன்?” என்றார் தவமணியம்மாவிடம். “எந்திரிச்சுப் போன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல எனக்கு அங்க என்ன இருக்குது? காவியக் கட்டிக்கிட்டு இங்கயே கெடக்கறேன்.”

தவமணியம்மா ஒரு கை கடலையை அவர் பக்கம் தள்ளினார்.

“நாளைக்கு மலைமேல அரிசி ஏத்தணும்ணா. ஜீப்பு ஓட்டுவீங்களா?”

அசாம் வரைக்கும் பதினாறு டன் கொண்டுபோனவரிடம் கேட்கிற கேள்வியா இது? செங்கோடனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் “ஓட்டறனுங்க” என்றுதான் சொன்னது. ஓட்டுகிறாயா என்று யாராவது கேட்டு நாளாகிவிட்டது.

விடிந்தும் விடியாமல் அவர் ஜீப்பண்டை போய் நின்றார். சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் கையால் தடவிப் பார்த்தார். முன்பக்க இடது டயரில் கை நின்றது.

தவமணியம்மா டீ கொண்டுவந்தார்.

“எப்படிங்கம்மா ஓடுது வண்டி?”

இடது பக்கமாகவே இழுக்கிறது என்றார் அம்மா. தன் வலது கைக்குத்தான் வலு போதவில்லை என்று நினைத்து, இத்தனை நாளும் ஸ்டீயரிங்கைப் பலமாகப் பிடித்தே ஓட்டியிருக்கிறார். தோள் வலிக்கு ராத்திரி தைலம் தேய்த்துக்கொள்வாராம்.

வந்ததிலிருந்து முதல் தடவையாகச் செங்கோடன் சிரித்தார்.

“காத்து எப்பப் பாப்பீங்க?”

“தட்டிப் பாப்பேன். சத்தம் நல்லாக் கேட்டா நல்லா இருக்குதுன்னு விட்டுருவேன்.”

“அதென்ன தேங்காயிங்களா, தட்டிப் பாக்கறதுக்கு?”

சீட்டுக்கு அடியில் காற்று அளக்கும் கேஜ் ஒன்று தூசி படிந்து கிடந்தது. எடுத்துத் துடைத்து வைத்துக் காட்டினார். இடது டயரில் பாதிதான் இருந்தது. பாதிக் காற்றோடு வளைவில் திரும்பினால் டயர் நசுங்கிப் படுத்துவிடும் என்றார். இரண்டு ஓரமும் தேயும். உள்ளே சூடேறி ஒருநாள் வெடிக்கும். கூடுதலாக வைத்தாலும் தப்புதான். அப்போது நடுப்பக்கம் மட்டும் ரோட்டில் படும், நடு மட்டும் தேயும், பிரேக் அடித்தால் வண்டி நிற்காது.

“கம்மியும் ஆகாது, சாஸ்தியும் ஆகாதுங்கம்மா. டயரு முழுப் பாதமும் தரையில படணும். நம்ம நிக்கற மாதிரி.”

“எப்ப அளக்கணும்?”

“இப்பத்தான். வண்டி எடுக்கறதுக்கு முன்னால. வெயில் படறதுக்கு முன்னால.”

அம்மா கேட்டுக்கொண்டார். நல்ல மாணவிதான்.

செங்கோடன் கால் பம்பை மிதித்து நாலு டயருக்கும் காற்று ஏற்றினார். வேர்த்து ஒழுகியது. வேர்த்ததில் மனசு கொஞ்சம் லேசானதும் உண்மை.

அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஜீப் அடிவாரம் வரை அம்பு மாதிரி போனது. ஸ்டீயரிங் மட்டும் கால் விரற்கடை கோணலாக நின்றது. அதை அவர் கண்டுகொள்ளவில்லை. குறை இது என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கப்புறம் தேடத் தோன்றாது அல்லவா?

“இப்ப இழுக்குதுங்களா?”

“இல்லீங்கண்ணா.”

“வண்டி சொல்றது நமக்குத் தெரியணுங்கம்மா. முப்பது வருசம் பாத்த கையி.”

மலை ஏற ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. செங்கோடன் ஹாரன் அடித்து, கியர் மாற்றி, ஒடித்துத் திருப்பி, பாட்டு முணுமுணுக்கும் அளவுக்கு வந்துவிட்டார். பாதி மலையில் மேலிருந்து பஸ் ஒன்று இறங்கியது. ஓரம் ஒதுங்கி நிறுத்தினார். இஞ்சினும் ஆறட்டும் என்று இறங்கிப்போய் மலைச்சரிவைப் பார்த்து நின்றார்.

திரும்பிப் பார்த்தால் தவமணியம்மா டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேஜை வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, சாஸ்தியாயிருச்சு. காலையில வெச்சதைவிட ரொம்பக் காட்டுது. சாஸ்தியானா நடுவுல தேயும்னு சொன்னீங்களே.”

சொல்லிக்கொண்டே நகத்தால் வால்வை அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது.

செங்கோடன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். மடத்து அம்மா கையைப் பிடித்துவிட்டோமே என்று பதறி உடனே விட்டார்.

“சூட்டுல காத்த எறக்கக் கூடாதுங்கம்மா.”

“ஏண்ணா?”

“ஓடி வந்திருக்குது. வெயிலு வேற. மேடு வேற. உள்ள இருக்கற காத்து விரிஞ்சு நிக்குது. இப்ப எறக்குனா நாளைக்குக் காலையில தொங்கிப்போய் நிக்கும். அதோட இன்னொரு தடவ மலையேறுனா வெடிச்சுப் போகும். எத்தனையோ பேரு இப்படித்தான் டயரக் கெடுத்துக்கறாங்க. சூடு அடங்கட்டும். அடங்கினப்புறம் என்ன காட்டுதோ அதுதான் அதோட அளவு.”

“அப்ப இப்பக் காட்டுறது பொய்யிங்களா?”

“பொய்யில்லீங்க. சூடு.”

“சரிங்கண்ணா” என்று கேஜைப் பைக்குள் போட்டுக்கொண்டு அம்மா ஏறி உட்கார்ந்தார்.

ஜீப் கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டியது. பாட்டு நின்றுவிட்டது.

மூன்றாவது வளைவில் செங்கோடன் தானாகச் சொன்னார்.

“மத்தியானங்க. உச்சி வெயிலு. கரண்டு இல்ல.”

“எதுண்ணா?”

“பாவாயி அப்படிச் சொன்னது. அடுப்படியில அனல்ல நின்னுட்டு இருந்தா. காலையில இருந்து எரும ஒண்ணு கன்னு போட முடியாமக் கெடந்துச்சு. அதுக்கு நடுவுலதான் நான் டிரம்ம நவுத்துனேன்.”

அம்மா ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

இன்னும் ஒரு வளைவு போனது. செங்கோடனுக்கு மறுபடி ரோஷம் வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

“இருந்தாலும் மனசுல இல்லாததா வாயில வரும்? சொல்லுங்கம்மா. இத்தன வருசம் நான் இல்லாம அவ நல்லாத்தான இருந்திருக்கறா? ஒரு குறை சொன்னதில்ல. ஒரு கண்ணீரு விட்டதில்ல. வந்தா ஊடு பளிச்சுன்னு இருக்கும். போனா சரின்னு நிப்பா. நான் இருந்தாலும் இல்லாட்டியும் அவளுக்கு ஒண்ணுதான்.”

“எனக்கென்னண்ணா தெரியும்?” என்றார் தவமணியம்மா. “நான் டயரையே தட்டிப் பாத்தவ.”

மலைமேல் அரிசியை இறக்கினார்கள். அங்கே கண் ஆப்பரேஷனுக்காக நாமக்கல் போக வேண்டிய பெரியவர்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். திரும்பும் வண்டியில் அவர்களைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. வெள்ளை வேட்டியும் மஞ்சள் பையுமாக வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டி தன் ஊன்றுகோலை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இடம் குறுகல். செங்கோடன் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஜீப்பைத் திருப்பினார். சரிவில் உருளாமல் இருக்க முன் சக்கரத்துக்குக் கல் வைக்கலாம் என்று இறங்கினார். கல்லோடு குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

ஒடிந்து நின்ற இடது சக்கரத்தின் உள்பக்கம் அவருக்கு நேராக இருந்தது. ரப்பர் அங்கே இல்லை. உள் ஓரம் சுற்றிலும் வழித்து எடுத்ததுபோலத் தேய்ந்து, துணி கிழிந்து, கம்பி வெள்ளையாகப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. வலது சக்கரத்துக்கு ஓடினார். அங்கே கம்பி தெரியவில்லை. ஆனால் அதே பக்கம் வழுவழுவென்று ஆகியிருந்தது.

இந்த டயரை நம்பித்தான் இத்தனை வளைவையும் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறி வந்திருக்கிறார். இதை நம்பித்தான் இந்தக் கண் தெரியாதவர்களை ஏற்றியிருக்கிறார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாரையும் எறங்கச் சொல்லுங்கம்மா” என்றார்.

பெரியவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். அம்மாவையும் பஸ்ஸிலேயே போகச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, அவர் ஸ்டெப்னி மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழற்றிய டயரை அம்மா தொட்டுப் பார்த்தார். வெளிப்பக்கம் பட்டன் பட்டனாக, புதிது மாதிரியே இருந்தது.

“ஏண்ணா உள்பக்கம் மட்டும் இப்படி?”

செங்கோடன் கிரீஸ் கைகளை அடுத்தடுத்து நிறுத்திக் காட்டினார்.

“ரெண்டு சக்கரமும் இப்படி ஒண்ணுக்கொண்ணு பாத்து நிக்கணுங்க. எங்கயோ பள்ளத்துல விட்டு, ரெண்டையும் சேத்துப் புடிக்கற ராடு அசைஞ்சு போயிருக்குது. இப்ப முன்னால லேசா விரிஞ்சு நிக்குது. ஒரு நூலு இருக்கும். ஒவ்வொண்ணையும் தனியாப் பாத்தா நேராத்தான் தெரியும். சேத்துப் பாத்தாத்தான் கோணல் தெரியும்.”

“ஆனா வண்டி நேராத்தானே வந்துச்சு?”

“வண்டி நேராத்தான் போகும். சக்கரம் ரெண்டும் ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் போகப் பாக்கும். வண்டி விடாது. உருண்டு போக வேண்டியது ரோட்டுல தேச்சுட்டே போகும். சத்தம் போடாது. வெளிய தெரியாது. உள்ள தேஞ்சுட்டே இருக்கும்.”

“எத்தனை நாளா இருக்கும்?”

“ரொம்ப நாளாத்தான் இருக்கணும்.”

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கம்பியையே பார்த்தார். பிறகு குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், தெரியாததைக் கேட்கிற குரலில் கேட்டார்.

“காலையில எல்லா டயரையும் பாத்தீங்களேண்ணா?”

“வெளிப்பக்கம் பாத்தனுங்க.”

“உள்பக்கம் எப்படிப் பாக்கறது?”

“சக்கரத்த ஒடிச்சு வெச்சுட்டுக் குனியணுங்க. கையைப் பின்னால விட்டாவது தடவணும்.”

“குனியலீங்களா?”

“குனியலீங்க.”

ஜாக்கியை இறக்க மறந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் கட்டியது. டயருக்காகவா என்று கேட்டால் அவரே பதில் சொல்லியிருக்க மாட்டார். தவமணியம்மா எழுந்து வந்து ஜாக்கிக் கம்பியைப் பிடித்தார். இரண்டு பேருமாக வண்டியை இறக்கினார்கள்.

மலை இறங்கும்போது பாட்டு இல்லை. முதல் கியரில் ஜீப் எருமை மாதிரி நடந்து வந்தது.

மடத்துக்கு வந்ததும் செங்கோடன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நான் ஊட்டுக்குக் கெளம்பறனுங்க.”

“இன்னைக்கு வேண்டாம்ணா” என்றார் அம்மா. “சாப்பிட்டுப் படுங்க. காலையில கிளம்புங்க.”

செங்கோடன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பையை இறக்கி வைத்தார்.

மறுநாள் காலையில் ஜீப்பை நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் முன்னால் இரண்டு நல்ல டயர் போட்டார்கள். பிறகு அலைன்மென்ட் கடையில் சக்கரங்களுக்கு நடுவே அளவு பார்த்தார்கள். மெக்கானிக் அடியில் படுத்து ராடைத் திருகினான். மறுபடி அளந்தான். இன்னும் கொஞ்சம் திருகினான்.

“முடிஞ்சுதுங்க” என்று எழுந்தான்.

“எத்தன சுத்துத் திருகுனே?” என்றார் செங்கோடன்.

“சுத்தா? அரைச் சுத்துக்கூட இருக்காதுங்க.”

செங்கோடன் சக்கரங்களைப் பார்த்தபடி நின்றார். நேற்றைக்கும் இன்றைக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அம்மா அவரை இறக்கிவிட்டார். ஜீப்பைத் தானே ஓட்டிப் போவதாகச் சொல்லிவிட்டார். செங்கோடனுக்கு அதில் பயம்தான். வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எதிரே வருகிறவனுக்கு வழி விட வேண்டும் என்று மகளுக்குச் சொல்வதுபோல ஒன்று விடாமல் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“காவி கேட்டீங்களேண்ணா?”

“கேட்டனுங்க.”

“வேணும்ங்களா?”

“ஊட்டுல பாத்துட்டு வந்து சொல்றனுங்க.”

“என்ன பாக்கப் போறீங்க?”

“தெரியலீங்கம்மா” என்றார் செங்கோடன். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்தார். மன்னிப்புக் கேட்கலாமா? அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. டிரம்மைப் பழைய இடத்தில் வைத்துவிடலாமா? அதை அவளே வைத்திருப்பாள். ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டார். எதையும் நகர்த்தக் கூடாது. வாயைத் திறந்து ஒரு குறையும் சொல்லக் கூடாது. அவள் வெளியே போ என்றால் போய்விட வேண்டியதுதான். அப்படிச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தார். இந்தப் பயம் அசாம் மலையில் கூட வந்ததில்லை.

வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

வாசல் முழுக்க வேப்பஞ்சருகு. இரண்டு மூன்று நாள் குப்பை அப்படியே கிடந்தது. கோழி கிளறிப் போட்டது, காற்று கொண்டுவந்து சேர்த்தது, எல்லாம் நிலைப்படி வரைக்கும் வந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். கூடத்திலும் தூசி. அவர் கிளம்பும்போது உதறிப்போட்ட பழைய காகிதம் போட்ட இடத்திலேயே கிடந்தது.

முப்பது வருடத்தில் இந்த வீட்டை அவர் இப்படிப் பார்த்ததில்லை. பாவாயிக்குத்தான் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ?

கொட்டகையில் பால் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. உயிரே வந்தது அவருக்கு. கன்றுக்குட்டியின் குரலும் கேட்டது.

என்ன இது, வீட்டை இப்படிப் போட்டு வைத்திருக்கிறாய் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். சுவரோரம் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக வாசலைக் கூட்டுவதற்குக் குனிந்தார்.

“அய்யோ, இருங்க, தொடாதீங்க.”

பாவாயி பால் செம்போடு ஓடிவந்தாள். அவரைப் பார்த்தாள். முகம், கை, கால் என்று முழுசாகப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அழுதாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். இப்படி அழுவதற்கு நிறைய நாள் பழகியிருக்க வேண்டும்.

செங்கோடன் விளக்குமாற்றோடு நின்றார். பிறகு மெதுவாக அவளுக்கு எதிரே, மண்ணில் குந்தி உட்கார்ந்தார்.

“ஏம் பாவாயி, வாசல் ஏன் இப்படிக் கெடக்குது?”

அவள் முதலில் சொல்லவில்லை. அவர் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்ததால் சொன்னாள்.

ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்ற வீட்டுக்காரர்கள் ஈரோடும் சேலமும் போவார்கள். ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும். இவர் போனது அசாமுக்கு. போன் இல்லாத காலத்தில் அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் சங்ககிரிக்கு நடந்துபோய் லாரி ஆபீஸ் வாசலில் நின்று, லோடு சேர்ந்துவிட்டதா என்று கேட்டு வருவாள். எட்டு நாள் ஆகும், பத்து நாள் ஆகும். அதுவரை விளக்குமாற்றைத் தொட்டதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சோம்பேறி என்று சிரிப்பார்கள். சேர்ந்துவிட்டார் என்று கேட்ட பிறகு வந்து வீட்டைக் கூட்டி, மெழுகி, கோலம் போடுவாள். அவர் திரும்பி வரும்போது வீடு பளிச்சென்று இருக்கும்.

பிற்பாடு செல்போன் வந்தது. அவர் போய் இறங்கிப் பேசினால் பாவாயி கேட்பது ஒன்றே ஒன்றுதான். சேந்துட்டீங்களா? சேந்துட்டேன் என்பார். உடனே வைத்துவிடுவாள். இரண்டு வார்த்தை பேசக்கூட அவளுக்கு ஆசையில்லை என்று எத்தனையோ லாரி ஷெட்டில் படுத்து அவர் வருத்தப்பட்டிருக்கிறார்.

செங்கோடன் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தார்.

“இத்தன வருசமாவா?”

பாவாயி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குச் சொல்லவே இல்லியே புள்ள.”

“ஓட்டற மனுசன் கிட்டச் சொல்லி, நெனச்சுக்கிட்டே ஓட்டறதுக்கா?”

கோழி ஒன்று வந்து சருகைக் கிளறியது.

“ஆனா இந்தத் தடவ நான் லைனுக்குப் போகலியே” என்றார் கடைசியில். “உங்கூடச் சண்டை போட்டுக்கிட்டுத்தான போனேன்?”

“எப்படிப் போனா என்னங்க?” என்றாள் பாவாயி. “போய்ச் சேந்தீங்களான்னு தெரியாம நான் எப்படிக் கூட்டறது?”